ஃபோர்மேனுக்கு ஒரு ஜாப் கார்டு

ஜனவரி 9

அப்பாவுக்கு,

இந்தக் கூடையைக் கொண்டுவருபவர் மிருக ஆஸ்பத்திரி நர்ஸ், என் சிநேகிதி. கூடைக்குள் என் பூனை. நான் இருக்கும் பெண்கள் விடுதியில் அதற்கு இடமில்லை. வேறு யாரும் இல்லாததால் உங்களிடம் அனுப்புகிறேன். இதற்கு மேல் அர்த்தம் எதுவும் தேட வேண்டாம்.

அதற்குச் சர்க்கரை வியாதி, உங்களைப் போலவே. காலை ஏழு மணி, மாலை ஏழு மணி. முதலில் சாப்பாடு. சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊசி, இரண்டு யூனிட். சாப்பிடாவிட்டால் ஊசி போடாமல் நர்ஸைக் கேளுங்கள். மருந்துக் குப்பியைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கையில் உருட்ட வேண்டும். சிவப்பு மூடி போட்ட ஊசி அதற்கு, ஆரஞ்சு மூடி உங்களுக்கு. மாற்றினால் அளவு தப்பிவிடும். தள்ளாடினால், கைகால் இழுப்பு வந்தால், ஈறில் சர்க்கரைப் பாகைத் தடவுங்கள்.

யாராவது கையை ஓங்கினால் அது பாயும். உங்கள் மருமகன் அதை இரண்டு தடவை உதைத்திருக்கிறார். இரண்டாவது தடவை நான் குறுக்கே போனேன். என் மணிக்கட்டு உடைந்தது அப்போதுதான். உங்களையும் கடிக்கும். அடிக்காதீர்கள். அடித்தால் எனக்குத் தெரிந்துவிடும், அதன் முகத்தைப் பார்த்தால் போதும்.

விலாசம் பின்பக்கம். படித்ததும் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். போன் கிடையாது. போனை வைத்துத்தான் போன தடவை அவர் என்னைக் கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மகள்

ஜனவரி 14

அன்பு மகளுக்கு, உடம்பெல்லாம் ஓட்டையும் மனசெல்லாம் உற்சாகமுமாக அப்பா எழுதுவது.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். உன் பூனை என்னைக் கிழித்துவிட்டது. ஆக, சொன்னதெல்லாம் இந்த வீட்டில் ஒழுங்காக நடக்கிறது.

முதல் நாள் ஊசியோடு கிட்டே போனேன். அது என் முழங்கையைக் கட்டிப்பிடித்து, பின்னங்காலால் உதைத்து, மணிக்கட்டைக் கடித்து, ஒரே நேரத்தில் மூன்று வேலை பார்த்தது. எங்கள் பட்டறையில் அப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் முதலாளி மாடி வீடு கட்டியிருப்பார். அடிக்கவில்லை.

இரண்டாம் நாள் நர்ஸ் கொடுத்த புழு மாத்திரை. "வாயைத் திறடா" என்றேன். தாடையை இறுக்கியது. "திறய்யா" என்றேன். "ஐயா, தயவு பண்ணித் திறங்க" என்று அதற்கு மரியாதை ஏறிக்கொண்டே போனதே தவிர, வாய் திறக்கவில்லை. முப்பது வருஷம் லேத் ஓட்டியவன் நான். வைஸில் பிடித்த இரும்புகூட அப்படி இறுகி நான் பார்த்ததில்லை. கடைசியில் அது திறந்தது, என் கட்டைவிரலைக் கடிப்பதற்காக. எலும்பு வரை போய்விட்டது. பக்கத்து வீட்டு டெய்லர் அக்கா கட்டுப் போட்டுவிட்டு, "அண்ணே, இது பூனையா, மீட்டர் வட்டிக்காரனா?" என்று கேட்டார். அடிக்கவில்லை.

இப்போது அதற்கு ஃபோர்மேன் என்று பேர் வைத்திருக்கிறேன். ஒரு வேலையும் செய்யாமல் என் வேலையை முறைத்துக்கொண்டே இருப்பதால்.

பத்தாவது தாண்டாத எனக்கு யூனிட், கிராம் எல்லாம் தலையில் நிற்காது என்று நீ கவலைப்படாதே. பட்டறையில் எந்த வேலை வந்தாலும் முதலில் ஒரு ஜாப் கார்டு போடுவோம். பொருள் என்ன, அளவு என்ன, நேரம் என்ன, யாருடையது, எங்கே சேர்க்கணும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் நான் மெஷினை ஓட்டமாட்டேன். அதே மாதிரி ஃபோர்மேனுக்கும் ஒன்று போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியாயிற்று. ஒரு தப்பு நடக்காது.

நீ சாப்பிடுகிறாயா? மணிக்கட்டு கூடிவிட்டதா?

அப்பா

(முதுகில் ஏறியபோதும் அடிக்கவில்லை.)

ஜனவரி 22

அப்பாவுக்கு,

தினம் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று எழுதவில்லை. மண் தட்டில் மூத்திரம் போன ஈரக் கட்டி எத்தனை என்றும் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

இங்கே ஒரு துணிக் கிடங்கில் பில் போடும் வேலை கிடைத்திருக்கிறது. கை பரவாயில்லை.

"அடிக்கவில்லை" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். என்னை ஏன் அடித்தீர்கள் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை.

மகள்

பிப்ரவரி 2

அன்பு மகளுக்கு,

தண்ணீர் முக்கால் டம்ளர். ஈரக் கட்டி நான்கு. இது முதல் பத்தி. உன் கேள்விக்கான பதிலை எழுத எனக்குப் பத்து நாள் ஆனது.

முந்தாநாள் ஃபோர்மேன் சாப்பிட்டார், ஊசி போட்டேன், பத்து நிமிஷத்தில் சாப்பிட்டதெல்லாம் கக்கிவிட்டார். வயிற்றில் ஒன்றுமில்லை, மருந்து மட்டும் உள்ளே. நர்ஸுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் கால் பின்னியது. பிறகு தரையில் விழுந்து வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. தலை நாற்காலிக் காலில் டங் டங்கென்று மோதுகிறது. நான் கத்திய கத்தலில் டெய்லர் அக்கா இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே ஓடி வந்தார். அவர் தலையைப் பிடிக்க, நான் பாகை ஈறில் தேய்த்தேன். இழுப்பு நிற்பதற்குள் என் ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்துப் பல் அந்தப் பக்கம் வந்துவிட்டது. விரலை இழுக்கவில்லை. இழுத்தால் பாகு உள்ளே போகாதே.

அரை மணியில் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தது. "நீயா? நீயா எனக்குப் பண்ணினே?" என்கிற பார்வை. அப்புறம் நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, பயமில்லை என்றார்.

இனி உன் கேள்வி. நீ வாசலில் வந்து நின்றாய். உதடு கிழிந்திருந்தது. "அப்பா, நான் இனி அங்க போகமாட்டேன்" என்றாய். மாடியில் குடியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் அறைந்தேன். கிழிந்த உதட்டின் மேலேயே அறைந்தேன். "கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று சொல்லி, பஸ்ஸில் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டேன். மாப்பிள்ளை கொடுத்த டீயைக் குடித்தேன். சர்க்கரை போடாமல் கொடுத்தார், எவ்வளவு அக்கறை என்று பெருமைப்பட்டேன்.

ஏன் அடித்தேன் என்றால், மாடியில் இருந்தவர்கள் பார்த்தார்கள் என்பதற்காக. வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

அப்பா

பிப்ரவரி 19

மகளுக்கு,

முதலில் துணிமணியை எடுத்து வை. மீதியை அப்புறம் படி. நீ இருக்கும் ஊர் அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரு தெரியாது. தப்பு முழுக்க என்னுடையது. இதை நர்ஸ் நேரில் கொண்டுவந்து தருவார்.

இடது கையால் எழுதுகிறேன், கோணலைப் பொறுத்துக்கொள்.

நேற்றுக் காலை ஏழு மணி. ஃபோர்மேன் தட்டை நக்கி முடித்தார், ஊசி போட்டேன். எனக்கும் போட்டுக்கொண்டு அடுப்பில் முட்டையை வேகவைத்தேன். கதவு தட்டிய சத்தம். உன் புருஷன், கையில் ஆப்பிள் பை. "மாமா, உடம்பெல்லாம் எப்படி இருக்கு?"

ஏன் உள்ளே விட்டாய் என்பாய். மாப்பிள்ளை என்றால் தானாக எழுந்து நிற்கிற முழங்கால் எனக்கு. உட்காரச் சொன்னேன்.

"அவ எங்கன்னு சொல்லுங்க மாமா. போய்க் கையோட கூட்டிட்டு வந்துடறேன்."

"தெரியாதுப்பா."

"பெத்த அப்பனுக்கா தெரியாது?"

"பெத்த அப்பன்கிட்ட சொல்ற மாதிரி நான் நடந்துக்கலையே."

சிரித்தான். "நீங்க உட்காருங்க, டீ நானே போடறேன்" என்று பால் எடுக்க ஃப்ரிட்ஜ் பக்கம் போனான். போனவன் கதவைத் திறக்கவில்லை. நின்று படித்தான். "பொருள்: பூனை. அளவு: ரெண்டு யூனிட். என்ன மாமா, பூனைக்கு ஜாதகமா? யாருடையது: என் மகளுடையது. எங்கே சேர்க்கணும்…"

உன் கடிதத்தைக் கிழித்தேனே தவிர, கிழிப்பதற்கு முன்னால் விலாசத்தை அழகாகப் பார்த்து எழுதி அந்தக் கட்டத்தை நிரப்பியிருந்தேன். காலிக் கட்டம் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. முப்பது வருஷப் பழக்கம், மூளைக்கு முன்னால் கை போய்விட்டது.

ஊர்ப் பெயரைச் சத்தமாகப் படித்தான். தெருவுக்கு வருவதற்குள் பிடுங்கினேன். எங்கே ஒளிப்பது? வாயில் போட்டுக்கொண்டேன்.

முதல் குத்து காதில் விழுந்தது. "வாயைத் திற!" அடுத்தது தாடையில். மாமா போய்க் கிழவா ஆனேன், கிழவா போய் எழுத முடியாதது ஆனேன். கழுத்தைப் பிடித்து ஃப்ரிட்ஜ் கதவில் தலையை மோதினான். "திற! திறடா!" மூக்கை அழுத்தினான். இரண்டு பல் உடைந்தது. உடைந்த பல், ரத்தம், அட்டை எல்லாவற்றையும் மென்றேன். என் வலது கை நடுவிரலைப் பின்பக்கமாக வளைத்தான். பென்சில் ஒடிகிற சத்தம் கேட்டது. தாடையை இறுக்கினேன். எப்படி இறுக்குவது என்று எனக்கு ஒரு மாதமாகப் பாடம் நடக்கிறதே.

இன்னொரு தடவை கை ஓங்கினான். அப்போதுதான் ஃபோர்மேன் ஃப்ரிட்ஜ் மேலிருந்து அந்தக் கையில் பாய்ந்தார். நாலு காலும் பல்லும். சதை தொங்கியது. அவன் கையை உதறிச் சுவரில் அடித்தான். ஃபோர்மேன் கீழே விழுந்து அசையாமல் கிடந்தார்.

மகளே, அடுத்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அடுப்பில் முட்டைத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பாத்திரத்தோடு எடுத்து அவன் கழுத்தில் ஊற்றினேன். அலறினான். காலி பாத்திரத்தால் முகத்தில் அடித்தேன். விழுந்த பிறகும் அடித்தேன். எனக்கு நன்றாக இருந்தது. உன்னை அறைந்தபோது இருந்த அதே சூடு கையில். டெய்லர் அக்கா கத்தரிக்கோலோடு ஓடிவந்து, "அண்ணே, போதும்! செத்துடுவான்!" என்று கத்தினார். அவர் கத்தாவிட்டால் நிறுத்தியிருப்பேனா தெரியாது.

அட்டை உள்ளே போய்விட்டது. காலையில் நான் சாப்பிட்டது அது ஒன்றுதான். ஊசியோ ஏற்கெனவே போட்டாயிற்று. கண் இருட்டி விழுந்தேன். ஃபோர்மேனுக்குச் செய்ததை அக்கா எனக்கும் செய்தார், ஈறில் சர்க்கரைப் பாகு. நான் அவர் விரலைக் கடித்தேனாம்.

அக்கா போன் போட்டு வந்த போலீஸ்காரர் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போகும்போது என் தோளைத் தட்டி, "குடும்ப விஷயம் பெரியவரே, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்றார். என் வார்த்தை. ஒரு எழுத்து மாறாமல் என் வார்த்தை. உடைந்த பல்லைவிட அது வலித்தது.

அவன் இரண்டு நாளில் எழுந்துவிடுவான். கிளம்பு.

ஃபோர்மேன் இருக்கிறார். கோரைப்பல் ஒன்று போயிற்று, விலா எலும்பில் கீறல். சாயங்காலம் ஏழு மணிக்குச் சாப்பிட்டார். இரண்டு யூனிட் போட்டேன். கடிக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்பா

பிப்ரவரி 27

அன்புள்ள அப்பா,

கிளம்பிவிட்டேன். கிடங்கு வேலை போயிற்று. ஊரிலுள்ள பெண்கள் விடுதி ஒவ்வொன்றாகத் தேடி, எங்கள் விடுதி வாசலிலும் அவர் வந்து கேட்டதாக வார்டன் நர்ஸிடம் சொன்னாராம். நான் கிளம்பிய மறுநாள்.

உங்கள் கடிதத்தின் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு உங்களைத் திட்டினேன், வாய்க்கு வந்ததெல்லாம். ஃப்ரிட்ஜ் கதவில் போய் எழுதி ஒட்டுவார்களா? வேறு எந்த மனுஷனாவது செய்வானா? மிச்சத்தை பஸ்ஸில் படித்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார். "இல்ல, எங்கப்பா அட்டையைத் தின்னுட்டார்" என்றேன். எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இங்கே ஒரு தனி அறை கிடைத்திருக்கிறது. பூனைக்குத் தடையில்லை. நர்ஸ் வரும்போது அனுப்பிவையுங்கள். என் புது விலாசத்தை ஒட்டிய உறையில் போட்டு அவரிடம் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு மட்டும். இந்தத் தடவை மனசார எழுதியிருக்கிறேன். விரல் கூடியதும் வாருங்கள்.

ஊசி போட்டுக்கொண்டால் உடனே சாப்பிடுங்கள். நல்ல சாப்பாடு.

உங்கள் மகள்

மார்ச் 6

என் அன்பு மகளுக்கு,

உறை வந்தது. முகர்ந்து பார்த்தேன், தடவிப் பார்த்தேன், திறக்கவில்லை. நர்ஸிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. நீ மனசார எழுதியது என்று தெரியும். அதனால்தான்.

உன்னைத் தேடிப் போனவன் வெறுங்கையோடு திரும்பி வந்துவிட்டான். நேற்று எதிர்ப்பக்க டீக்கடையில் கழுத்தில் கட்டோடு உட்கார்ந்து என் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி வருவான். வாயை நான் ஒரு தடவை இறுக்கினேன். அடுத்த தடவை எத்தனை பல் மிச்சம் இருக்கும், எத்தனை விரல் மிச்சம் இருக்கும் என்று நானே எப்படிச் சொல்ல? என்னை நான் நம்பவில்லை. தெரியாததைச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் எனக்குத் தெரியவே வேண்டாம்.

வரமாட்டேன். நான் வந்தால் என் பின்னாலேயே அவன் வருவான். எப்போதாவது எழுதணும் என்று தோன்றினால் நர்ஸ் வழியாக எழுது, ஊர்ப் பெயர் போடாமல். கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் நானே லேத்தில் கடைந்து போட்டிருக்கிறேன். டெய்லர் அக்கா கத்தரிக்கோலைச் சாணை பிடித்து வைத்திருக்கிறார். எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஃபோர்மேன் கூடைக்குள் இருக்கிறார். அவன் கண்ணில் படாமல் நர்ஸ் டெய்லர் அக்கா வீட்டுப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருவார். காலைச் சாப்பாடும் ஊசியும் ஆயிற்று. ஒரு பக்கம் பல் இல்லாததால் கறியைச் சின்னதாக நறுக்கு. விலாவில் கை படாமல் தூக்கு. ஊசிக்குக் கழுத்துப் பின்பக்கத்தைவிட இடுப்புத் தோல் அதற்குப் பிடிக்கிறது. போடும்போது ஏதாவது பேசிக்கொண்டே போடு. நான் பட்டறைக் கதை சொல்வேன். நீ எதுவும் சொல்லலாம்.

கூடைக் கைப்பிடியில் புது ஜாப் கார்டு கட்டியிருக்கிறேன். பொருள், அளவு, நேரம், யாருடையது, எல்லாம் எழுதியாயிற்று. எங்கே சேர்க்கணும் என்கிற கட்டம் காலி. என் ஆயுசில் காலிக் கட்டத்தோடு பட்டறையை விட்டு அனுப்புகிற முதல் வேலை இது.

அடிக்கவில்லை. மூடியைத் திறந்து அதன் முகத்தைப் பார்.

அப்பா