ஆறுமணிக்குருவி வந்த புதர்

அக்டோபர் 14, செவ்வாய்
காலேஜ் ஆபீஸில் ஹால் டிக்கெட் பிரித்துக்கொண்டிருந்தபோது லைப்ரரியின் புதுக் கண்ணாடிச் சுவரில் டப்பென்று ஒரு சத்தம். ஓடிப் பார்த்தால் கீழே ஒரு குருவி. பச்சை முதுகு, கண்ணுக்கு மை தீட்டிய மாதிரி கறுப்புக் கோடு, வாலடியில் குங்குமச் சிவப்பு.

"ஆறுமணிக்குருவிங்க மேடம்," என்றார் தோட்டக்காரர் வீரமலை. "பச்சைமலைக் காட்டுல பாத்திருக்கேன். குளிருக்கு வடக்கேருந்து வரும். காலையில ஆறு, சாயங்காலம் ஆறு, டாண்ணு கத்தும்."

வனத்துறைக்குப் போன் செய்தோம். அட்டைப்பெட்டியில் இருட்டாக வைக்கச் சொன்னார்கள், தண்ணீர்கூட வேண்டாமாம். இரண்டு மணி நேரம் எனக்கு வேலையே ஓடவில்லை. திறந்ததும் தத்தித் தத்திப் பின்பக்கப் புதருக்குள் போய்விட்டது.

அக்டோபர் 15
சாயங்காலம் சரியாக ஆறுக்குப் புதரிலிருந்து இரட்டைச் சீட்டி. கேட்டுக்கொண்டே நின்றதில் ஸ்ரீரங்கம் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி
புதரை அழித்துக் கார் ஷெட். தீபாவளி லீவு முடிந்ததும் ஜேசிபி வருகிறது. சுற்றறிக்கையை டைப் செய்ததே நான்தான்! முதல்வர் ஃபாதர் அற்புதசாமி கையெழுத்துப் போடும்போது எதிரிலேயே நின்றேன். பத்தொன்பது வருஷமா 'சரிங்க ஃபாதர்' தவிர என்ன பேசியிருக்கேன்? ஏன் எனக்கு வாயே வர மாட்டேங்குது?

அக்டோபர் 19
மக்கிய சருகைக் கிளறிப் புழு பொறுக்கித் தின்னும் பறவையாம் அது. எங்கள் காம்பவுண்டில் மிச்சமெல்லாம் சிமெண்ட் தரை. எங்கே போகும்? ஞாயிறு பூசையில் மனசே நிற்கவில்லை.

அக்டோபர் 22, புதன்
கேட்டுவிட்டேன். "ஃபாதர், சாயங்காலம் ஆறு மணிக்குப் புதர்கிட்ட ஒரு அஞ்சு நிமிஷம் வர முடியுங்களா?"

வந்தார். நின்றோம். கொசு. ஆறு அடித்தது, ஆறு பத்தும் ஆனது — குருவி கூவவே இல்லை. வீரமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் நானே பேசினேன். கண்ணாடி, பெட்டி, சருகு, வடக்கிலிருந்து அது பறந்து வந்த தூரம் எல்லாம்.

"இவ்வளவு பேசுவீங்களா, கேத்தரின்?" என்றார் ஃபாதர். அவ்வளவுதான். போய்விட்டார்.

அக்டோபர் 23
ஜேசிபி வந்தது. பழைய சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் திருப்பிவிட்டார் ஃபாதர்! கார் ஷெட் இனி அங்கேதானாம். வண்டி போக வழி வேண்டுமென்று புதரில் ஒரு மூலை போயிற்று. மீதி இருக்கிறது. பாத்ரூமில் போய் அழுதேன்.

நவம்பர் 11
பறவைகளுக்குச் சுவர் இருப்பது தெரியட்டுமென்று மாணவிகள் கண்ணாடி முழுக்க வெள்ளைக் கோடு போட்டுவிட்டார்கள். அதன்பின் எதுவும் மோதவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்
மாதா சிலை வைத்த குகைக் கெபிக்குப் பின்னால் சருகைக் கூட்டி எரிக்க வேண்டாம் என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் நானே எழுந்து சொல்லி ஒரு மாதம் ஆகிறது. இன்று மாலை புதரில் ஒரு கூவல். கெபிப் பக்கமிருந்து ஒரு பதில்.

வீரமலை இரண்டு விரலைக் காட்டினார்.