மச்சான் பட்டறையில் வீச்சரிவாள்

தை மாதம், வியாழன் இரவு.

காலையில் பண்ணையாரின் காரியக்காரர் என் பட்டறைக்கு வந்தார். கூலி உயர்வு கேட்டு நம்மூர் ஆட்கள் அறுப்புக்கு வர மறுத்ததால், நாளை வெளியூர் ஆட்களை வயலில் இறக்கப் போகிறார்களாம்.

"கதிரரிவாள் வேணாம் ஆசாரி. வீச்சரிவாளா அடிச்சுக் குடுங்க," என்றார்.

யாரை வெட்டுவதற்கு என்று நான் கேட்கவில்லை. முடியாது என்றேன். அவர் கோபப்படவே இல்லை.

"உங்க மச்சான் ஒத்துக்கிட்டாரு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து ஊருக்கு ஓடினேன். மச்சானின் உலை கனன்றுகொண்டிருந்தது.

"அடிக்கலேன்னா பட்டறையைக் கொளுத்திடுவாங்க மாமா," என்றான். தலை நிமிரவில்லை.

திரும்பும் வழியில், சங்கத்தில் முன்னால் நிற்கும் மாரியைப் பார்த்து, நாளைக்கு வயல் பக்கம் போக வேண்டாம் என்றேன்.

"போகலேன்னா அறுத்துக்கிட்டுப் போயிடுவாங்களே ஆசாரி. பொம்பளைங்க, புள்ளைங்க எல்லாருமா வரப்புல உக்காரப் போறோம்," என்றான்.

சோறு போடும்போது, "தம்பி நல்லா இருக்கானா?" என்று மனைவி கேட்டாள். நல்லா இருக்கான் என்றேன்.

அவள் தூங்கிவிட்டாள். காற்று இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவன் சம்மட்டிச் சத்தம் கேட்கிறது. இன்னும் நிற்கவில்லை.