பதினொரு சுண்டெலி, ஒரு ஆம்பூர் சுண்டெலி

2006 ஆகஸ்ட் 12, சனி. காலை 7.40. வேலூர் லேப். சுண்டெலி 11.

எல்லாம் உயிரோடு. எடை சரி. அறை 23 டிகிரி. வெளியே மழை வரும் போல, வரவில்லை.

பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத ஜாதி இது. பிறந்த மறுநாள் ஒன்பதுக்கு மனித மூல உயிரணு, ஸ்டெம் செல், ஏற்றினேன். பிரசவ வார்டில் கிடைத்த ஒரு தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து பிரித்தது. இரண்டுக்கு வெறும் உப்புநீர், ஒப்பிட. வரும் திங்கட்கிழமையோடு பன்னிரண்டு வாரம். ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும்: சுண்டெலிக்குள் மனித எதிர்ப்பு அணு வளர்ந்ததா, மூன்று மாதமும் வீணா. வளர்ந்திருந்தால் டெங்குவை எந்த மனிதனுக்கும் ஏற்றாமலே படிக்கலாம்.

வெளிக்கிருமி ஒன்று நுழைந்தால் பதினொன்றும் காலி. அதனால் கதவில் போர்டு, என் கையெழுத்து: "வெளியே எலி தொட்டவர் ஐந்து நாள் உள்ளே வரக் கூடாது." போன மாதம் அறை டெக்னீஷியன் ஷபானா அக்கா, வீட்டில் எலி அடித்ததாகத் தானே வந்து சொன்னார். வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். முகம் சுருங்கிப் போயிற்று. ரூல் ரூல்தான்.

மதியம் ஆம்பூர் பஸ்.

ஆக. 13, ஞாயிறு. ஆம்பூர்

சர்ச். பிரியாணி. வீடு முழுக்க ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், மூட்டை மூட்டையாக. அப்பாவும் அம்மாவும் கம்பெனிக்குத் தைத்துக் கொடுப்பது. ஒரு மூட்டையைப் பிரித்ததும் உள்ளிருந்து சுண்டெலி. அம்மா நாற்காலி மேல். நான் யோசிக்கவே இல்லை. வாலின் அடி, பிடரித் தோல், பிடித்தாயிற்று. இரண்டு நொடி.

அப்பா: "அடேங்கப்பா! இவ்ளோ படிக்க வெச்சது இதுக்குத்தானா?"

தங்கை: "பொண்ணு பாக்கப் போற எடத்துல இத செஞ்சு காட்டுண்ணா."

தெருக்கோடியில் விட்டுவிட்டு வந்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

மாலை 5.50, திரும்பும் பஸ். பள்ளிகொண்டா தாண்டும்போதுதான் உறைத்தது. வெறுங்கை. சுண்டெலி.

ஆக. 14, திங்கள்

8.10. அறை வாசல். மூன்று முறை குளித்தாயிற்று. யாருக்கும் தெரியாது. கையில் கவுன். எதிரே போர்டு.

ஷபானா அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஒரே வரி.

"இன்னா தம்பி, வேலூர்ல இருக்குற எலி பத்தலன்னு ஆம்பூர் போய்ப் புடிச்சியா?"

"தானா கை போய்டுச்சுக்கா."

"போர்டு யாரு எழுதுனது?"

"நான்தான்."

"சொன்னியே, அது போதும். அந்த கவுன் வேணாம், நீ தொட்டது. வேற எடுத்துக்கிறேன்."

தள்ளிப்போட வழியில்லை. அணு எண்ணும் மெஷின் எங்களுக்கு இன்று மட்டும். எனக்குப் பதில் அக்காதான் உள்ளே. சுண்டெலியின் கன்னத்தில் ரத்தம் எடுப்பது அவருக்குப் புதிது. முன்பு நான் பழகும்போதே வேறொரு சுண்டெலி செத்திருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே நின்று கத்தினேன்.

"இன்னும் கீழக்கா! கீழ!"

"பேஜார் பண்ணாத. வாய மூடிக்கினு பாரு."

11 குழாய். 11 உயிர். என்னைவிடச் சுத்தமான கை.

4.30. மெஷின். மனித அணு இருந்தால் திரையின் வலப்பக்கம் புள்ளி விழும். உப்புநீர் இரண்டும் காலி. அடுத்தது: வலப்பக்கம் மேகம் மாதிரிப் புள்ளி. அடுத்தது. அடுத்தது. ஒன்பதில் எட்டு! எங்கள் துறைத் தலைவர் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குக் கத்தணும் போல. கத்தினேன்.

ஷபானா அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது அந்தக் கொழந்தையோடதுதான? இப்போ மூணு மாசம் இருக்கும். தல நின்னுருக்கும்."

மூன்று மாதத்தில் ஒருநாளும் எனக்கு அது தோன்றவில்லை. எங்கோ ஒரு தொட்டிலில் அது, இங்கே எட்டுக் கூண்டில் அதன் படை.

மிச்சம் ஒன்று, 9ஆம் எண். அன்று நான் போட்ட முதல் ஊசி. கசிந்தது. பார்த்தேன், எழுதவில்லை.

இனி:

1. 9ஆம் எண் ஊசி கசிந்ததை நோட்டில் எழுதுவது. இன்றைய தேதி போட்டு.
2. வெள்ளி வரை வாசலோடு சரி. சனி உள்ளே.
3. அப்பாவிடம்: மூட்டையைத் தரையில் வைக்காதே.
4. ஆய்வுக் கட்டுரையில் ஷபானா அக்கா பெயர். அடியில் நன்றி வரியில் இல்லை, மேலே, எங்கள் பெயரோடு. மேடத்திடம் கேட்பது இல்லை. சொல்வது.