முதல் இருபத்திரண்டு பக்கம்

திண்டிவனம், 1938 செப்டம்பர் 14, புதன்

பாட நாவல் வாங்க முடியாத எங்கள் மூன்று பேருக்கும், தமிழ் வாத்தியார் ஆடி மாதம் ஒரே புத்தகத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுத்தார். "மாசம் ஒரு தரம் மாத்திக்கினு படிங்கடா" என்றார். எனக்கு வந்தது முதல் பாகம்.

மாற்ற வேண்டிய நாளில் நீட்டினேன். கோவிந்தன் கையைக் கட்டிக்கொண்டான். "நீயே வச்சிக்கோ. மொதப் பாகத்த சார் கிளாஸ்லயே படிச்சிட்டாரு. எங்களுத குடுத்தா, சேரிக்குப் போய் வந்தத எங்க வூட்ல உள்ள சேக்க மாட்டாங்க." அவனும் ராமுவும் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள்.

இன்று வாத்தியார் என்னை எழுப்பி நாவலின் ஆரம்பத்தைச் சொல்லச் சொன்னார். பார்க்காமலே ஒப்பித்தேன். சந்தோஷப்பட்டு, "கடைசியில அந்தப் பொண்ணு என்னடா ஆனா?" என்றார். பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை. "கல்யாணம் ஆயிடுச்சி சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் ஆற்றில் விழுந்து செத்துப்போனாளாம்.

"புக்கு குடுத்தும் படிக்கலன்னா நீயெல்லாம் எதுக்குடா வர்ற?"

கோவிந்தன் குனிந்து மைக்கூட்டைத் திருகிக்கொண்டிருந்தான். அவன் மாற்றித் தராததை நான் சொல்லியிருந்தால் மட்டும் என்ன? வாத்தியார் வீட்டிலும் சேரிக்குப் போய் வந்ததை உள்ளே சேர்க்க மாட்டார்கள்.

பரீட்சையில் கடைசிப் பாகத்திலிருந்துதான் நிறையக் கேட்பார்களாம். எனக்கு இனி அது எங்கே கிடைக்கப்போகிறது?

இருபத்திரண்டு பக்கத்தையும் இப்போது மறுபடி படித்தேன். அதில் அவள் இன்னும் கிணற்றடியில் தலை பின்னிக்கொண்டு சிரிக்கிறாள்.