மூன்றில் மெலிந்தது பாஸ்பாரிக் அமிலம்

என் பிரியமுள்ள அத்தான்,

பழனியம்மாள் பாஸாகிவிட்டாள். உங்களிடம் முதலில் சொல்லவேண்டும் என்று கல்லூரியிலிருந்து வேகமாக நடந்து வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது. ஒரு மழைக்காலம் முழுதாகக் கழிந்த பிறகும் எனக்கு இப்படித்தான் நடக்கிறது.

அலுப்பாக இருக்கிறது, அத்தான். ரசாயனக்கூடத்தில் நாம் இருவரும் பார்த்த வேலையை இப்போது நான் ஒருவனே பார்க்கிறேன். யுத்தத்தால் சீமையிலிருந்து எதுவும் வருவதில்லை. ஒரு குடுவை உடைந்தால் அன்றைய பாடம் போயிற்று. மாணவர்கள் கேள்வி கேட்டால்கூட, ஏன் கேட்கிறார்கள் என்று இருக்கிறது. நீங்கள் எப்படி இத்தனை வருஷம் சலிக்காமல் பதில் சொன்னீர்கள்?

பழனியம்மாளைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். கொள்ளேகாலப் பக்கத்து விவசாயியின் மகள். ஒரு தடவை ஃபெயிலானாலும் ஊருக்கு வந்துவிடவேண்டும் என்று சொல்லித்தான் அவள் அப்பா ஹாஸ்டலில் விட்டார். பரீட்சையில் பாஸ்பரஸின் மூன்று அமிலங்களை வலிமைப்படி வரிசைப்படுத்தச் சொன்னார்கள். குளோரின் அமிலங்களில் ஆக்ஸிஜன் கூடக் கூட வலிமை கூடும். அதே கணக்கில் எல்லோரும் ஆக்ஸிஜன் அதிகமுள்ள பாஸ்பாரிக்கை முதலில் வைத்தார்கள். கேள்வித்தாள் தயாரித்த துறைத் தலைவரின் விடையும் அதுதான். இவள் மட்டும் ஹைப்போபாஸ்பரஸை முதலிலும், பாஸ்பரஸ் அமிலத்தை அடுத்தும், பாஸ்பாரிக்கைக் கடைசியிலும் எழுதினாள். மார்க் போயிற்று, அதோடு பாஸும் போயிற்று.

நீங்கள் அவளைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டீர்கள்.

"ஹைப்போபாஸ்பரஸ்ல மூணு ஹைட்ரஜன் இருந்தும் காரத்துக்கு ஒண்ணைத்தானுங்க சார் குடுக்குது. மத்த ரெண்டும் பாஸ்பரஸையே நேராப் புடிச்சிட்டிருக்குது, கழண்டு வராதுங்க. அதைத் தள்ளிட்டுப் பார்த்தா, ஹைட்ரஜன் இல்லாம தனியா நிக்கற ஆக்ஸிஜன் மூணு அமிலத்துலயும் ஒண்ணே ஒண்ணுதானுங்க. அந்த ஒண்ணோட இழுப்பைப் பாஸ்பாரிக்குல மூணு ஹைட்ரஜனுங்க பங்கு போட்டுக்கணும், ஹைப்போவுல ஒண்ணே ஒண்ணுதான்; அப்புறம் பாஸ்பாரிக் எப்படீங்க பெருசாகும்?"

உங்கள் முகம் மலர்ந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நேரே தலைவரிடம் போனீர்கள். "நோடி, பாருங்க, வாயால சொன்னா ஆகாது. அளந்து காட்டுங்க" என்று தன் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார் அவர்.

பாஸ்பாரிக் மட்டும்தான் நம்மிடம் புட்டியில் இருந்தது. தேவராஜ மொஹல்லா மருந்துக்கடையில், டானிக்கில் கலக்கும் கால்சியம் ஹைப்போபாஸ்பைட் உப்பை வாங்கி வந்தோம். அதைக் கரைத்து ஆக்ஸாலிக் அமிலம் விட, கால்சியம் வெள்ளையாகப் படிந்தது. வடிகட்டினால் ஹைப்போபாஸ்பரஸ் அமிலம். மிச்சமிருந்த பாஸ்பரஸ் டிரைகுளோரைடைக் குளிர்ந்த நீரில் சொட்டுச் சொட்டாக விட்டு, கூடவே வந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் காய்ச்சிப் புகையாக விரட்டி, இருமிக்கொண்டே பாஸ்பரஸ் அமிலத்தைச் செய்தோம். மூன்றையும் ஒரே அடர்த்திக்குக் கொண்டுவந்து, மின்சாரம் எதில் நன்றாகப் பாய்கிறது என்று பார்த்தோம்; வலிமை கூடிய அமிலத்தில்தான் அது அதிகம் பாயும். மின்தடை அளக்கும் கம்பியோடு இணைத்த டெலிபோன் குழலைக் காதில் வைத்து, அளவு சரியாகி இரைச்சல் அடங்கும் இடத்தை நீங்கள் தேடினீர்கள். ஹைப்போபாஸ்பரஸும் பாஸ்பரஸ் அமிலமும் ஏறக்குறைய ஒட்டியே நின்றன. பாஸ்பாரிக் நன்றாகவே பின்தங்கியது.

"உங்க அமிலம் சுத்தமில்லே" என்றார் தலைவர். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தீர்கள். அதற்குள் உங்களுக்கு உடம்பு சுட ஆரம்பித்திருந்தது.

"அத்தான், வீட்டுக்குப் போலாம். காய்ச்சல் அடிக்குது."

"இதை முடிச்சிடலாம்டா. அவ அப்பா வந்து பெட்டியைத் தூக்கிட்டா, அப்புறம் நாம அளந்து என்ன பிரயோஜனம்?"

இரண்டாம் முறையும் அதே வரிசைதான் வந்தது. தலைவரே குழலைக் காதில் வைத்துக் கேட்டார். விடை சரிதான், ஆனால் வெளியான ரிசல்டை மாற்ற முடியாது, அவள் மறுபடி எழுதட்டும் என்றார். நீங்கள் அந்தக் காய்ச்சலோடு ஹாஸ்டலுக்குப் போய், அவளை அழைத்துப்போக வந்திருந்த அப்பாவிடம் இன்னொரு வாய்ப்பு கேட்டு வாங்கினீர்கள். பிறகு படுத்தவர்தான். டாக்டர் டைபாய்டு என்றார்.

பரீட்சைக்கு முன்னால் அவள் என்னிடம் வந்தாள். "மறுபடி அதே கேள்வி வந்தா எப்படீங்க எழுதறது? அவுங்க நெனைக்கறபடியா, உள்ளபடியா?" தலைவர் வாயால் ஒப்புக்கொண்டாரே தவிர எழுத்தில் எதையும் மாற்றவில்லை; எனக்குப் பயமாகத்தான் இருந்தது. "உள்ளபடி எழுதும்மா" என்றேன். அதே கேள்வி வந்தது. அதே விடையை எழுதினாள். திருத்தியவர் தலைவர்தான். முழு மார்க். இன்று என்னைப் பார்த்து, "அவர் இருந்திருக்கணும், அல்வா, இல்லையா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

அக்காவிடம் சொன்னேன். அமிலப் புகைதான் உங்களைக் கொண்டுபோயிற்று என்று அவள் இன்னும் நம்புகிறாள். டாக்டர் சொன்னதை ஏற்றுக்கொண்டதே இல்லை. கல்லூரிப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். இன்று போகவில்லை. "ஒரு பொண்ணோட மார்க்குக்காகவா அவர் வீட்டுக்கு வராம உக்காந்திருந்தார்?" என்று கேட்டாள். முறத்திலிருந்த கீரையை ஆய்ந்து முடித்தாள். பிறகு, "அவளை ஒரு நாள் கூட்டிட்டு வா. நான் பார்க்கணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்ததும் கூட்டி வருகிறேன், அத்தான். அக்கா எது கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல்வேன். நான் கூப்பிட்டும் நீங்கள் எழுந்து வராததையும் சொல்வேன். அதற்காக அவள் உங்களைத் திட்டினால் திட்டட்டும். நான் குறுக்கே பேசமாட்டேன்.

உங்கள் எஸ்தரின் தம்பி,
உங்களுக்கும் தம்பிதான்,
சாமுவேல்