அப்பாவின் புல்தரை என்ன நிறம்

லட்லோ,
மே மாதம், ஞாயிறு காலை

என் செல்ல லின்சிக்கு,

அம்மா எழுதறேன். நானும் அப்பாவும் இங்க சௌக்கியம், என் முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேக்கறதில்ல. நீயும் மாப்பிள்ளை மார்ட்டினும் அங்க நல்லபடியா இருக்கணும்னு தினமும் நினைச்சுக்கறேன். இங்க ஆப்பிள் மரம் பூ உதிர்த்துக்கிட்டிருக்கு, உனக்கு அங்க பூமியோட மறுகோடியில, டுனீடின்ல குளிர் ஆரம்பிச்சிருக்கும். ஒரே மாசத்துல அம்மாவுக்கு வசந்தம், மகளுக்கு இலையுதிர்காலம்னு நினைச்சா எனக்குத் தலை சுத்துது. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கோ. வாராவாரம் போன்ல பேசறோமே, எதுக்குக் கடிதம்னு கேப்பே. போன் கூடத்துல இருக்கு, உங்கப்பா பக்கத்துலயே நிக்கிறாரு. கண்ணு மங்க மங்க அந்த மனுஷனுக்குக் காது கூர்மையாயிட்டே போகுது. அதான் எழுதறேன்.

விஷயம் நம்ம புல்தரைதான். சிரிக்காதே. உங்கப்பாவுக்கு இப்ப வெளிச்சம் தெரியுது, ஆள் நிழலாத் தெரியறாங்க, நிறம் சுத்தமாப் போயிடுச்சு. அப்படியும் ஏப்ரல்ல உரத்தை நான்தான் தூவுவேன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. இத்தனை வருஷம் தூவறேன், என் காலுக்கே வழி தெரியும் டோரீன்னு சொல்லிட்டு உரம் தூவற வண்டியைத் தள்ளிக்கிட்டுக் கிளம்பிட்டாரு. தள்ளின இடத்துலயே திரும்பத் திரும்பத் தள்ளியிருக்காரு. உரம் ரெண்டு மடங்கு விழுந்த இடமெல்லாம் கருகிப் பட்டை பட்டையா நின்னுது. கருகாத இடத்தை மண்ணுக்குள்ள இருந்து புழு தின்னுது, அந்த நீளக்கால் பூச்சியோட புழு. வேலியோரம் மஞ்சப்பூக் களை, மரத்தடியில பாசி. நான் என்ன பண்ணுவேன் சொல்லு? சாயங்காலம் டீயோட நாற்காலியில உக்காந்துகிட்டு எப்படியிருக்கு டோரீன்னு கேட்டாரு, பச்சைப் பசேல்னு இருக்குன்னு சொல்லிட்டேன்.

அப்புறம் அது தினசரி ஆயிடுச்சு. ஒரு பட்டை வெளிர் பச்சை, ஒரு பட்டை அடர் பச்சை, வெயில் சாஞ்சு மர நிழல் நீளமா விழுந்திருக்கு, மேல வெள்ளை வெள்ளையாப் பூ உதிர்ந்து கிடக்குன்னு சொல்லிக்கிட்டே போவேன். அவரு கண்ணை மூடிக் கேப்பாரு. சொல்லச் சொல்ல எனக்கே அது தெரிய ஆரம்பிச்சுது லின்சி. சில நேரம் நீ சின்னப் பொண்ணா அதுல குட்டிக்கரணம் போடறதுகூடத் தெரிஞ்சுது. பொய் சொல்றோம்னு தோணவே இல்ல. அவரு மதியம் தூங்கறப்ப நான் இந்த முழங்காலை வச்சுக்கிட்டுக் களை பிடுங்குவேன், ஒண்ணைப் பிடுங்கினா நாலு முளைச்சு நிக்கும்.

போன வாரம் பக்கத்து வீட்டு கோலின் வேலிக்கு மேல தலையை நீட்டி, என்ன நார்மன், புல்லு வளர்க்கிறியா வரிக்குதிரை வளர்க்கிறியான்னு கேட்டுட்டான். பாவம், அவனுக்கு என்ன தெரியும். உங்கப்பாவும் கூடவே சிரிச்சாரு. உள்ள வந்து கப்பை மேசைமேல வச்சுட்டு, எத்தனை நாளா டோரீன்னு மட்டும் கேட்டாரு. மறுநாள் கல் பதிக்கிற ஆளுக்குப் போன் பண்ணி திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாரு. மொத்தத்தையும் கல்லாக்கிடலாம், கல்லு என்ன நிறம்னு நான் யாரையும் கேக்க வேண்டாம் பாருன்னாரு. அப்புறம் தோட்டத்துப் பக்கமே போகல. சுவரைப் பாத்து உக்காந்திருந்தாரு. என் நார்மன் கையை விட்டுப் போறாருன்னு பயந்து சமையலறையில நின்னு அழுதேன்.

நேத்து சாயங்காலம் மனசு கேக்கல. புழு மருந்தெல்லாம் கடைக்கு வர்றதுக்கு முன்னாடி அவரே செய்வாரே, அதைச் செஞ்சேன். புல்லை நல்லா நனைச்சு, உன் பழைய கூடாரத்துக்கு அடியில விரிக்கிற கறுப்பு பிளாஸ்டிக் தாளை அது மேல மூடிட்டேன். அப்படி மூடினா விடியறதுக்குள்ள மண்ணுக்குள்ள இருக்கிற புழுவெல்லாம் மேல வந்துடும். இன்னிக்குக் காலையில பனி விலகாத நேரம், முணுமுணுத்த மனுஷனைப் போர்வையோட இழுத்துட்டு வந்து நாற்காலியில உக்காரவச்சு, தாளை உருவினேன். அடேயப்பா, அத்தனை புழு! நான் நகர்ந்ததுதான் தாமதம், ஸ்டார்லிங் குருவிங்க கும்பலா இறங்கி ஒரே கூச்சல், சந்தை தோத்துது போ. உங்கப்பா நிமிர்ந்தாரு. ஆப்பிள் மரத்தடியில சண்டை போடுதுங்க, தொட்டிகிட்ட நிறைய இருக்குன்னு சத்தத்தை வச்சே கையை நீட்டி நீட்டிக் காட்டறாரு. எல்லாம் சரியாத்தான் சொன்னாரு. அப்புறம் மெதுவா, இப்ப நிறம் சொல்லு, நிஜமான நிறம்னாரு. சொன்னேன். பாதிக்கு மேல காஞ்ச ரொட்டி ஓரம் மாதிரி பழுப்பு, மரத்தடியில பாசி, வேலியோரம் மஞ்சள், நடுவுல மட்டும் கை அகலத்துக்குப் பச்சைன்னேன். அவரு தூங்கறப்ப நான் களை பிடுங்கினதையும் சொல்லிட்டேன். இறங்கி மண்டிபோட்டுக் கையால தடவினாரு. ஒரு களையை விரலால தேடி வேரோட இழுத்து என் கையில குடுத்துட்டு, மோசமா இருக்குன்னு சொல்லியிருந்தா நானும் கூட உக்காந்து பிடுங்கியிருப்பேனே, எதுக்குடி நீ தனியாப் பிடுங்கினேன்னு கேட்டாரு. அந்தக் கல்லுக்காரனை வர வேண்டாம்னு சொல்லிடுன்னாரு. சொல்லிட்டேன்.

இதை உனக்கு ஏன் எழுதறேன்னா, போன தடவை நீ பேசி முடிச்சு நான் போனை வச்சதும் உங்கப்பா ஒண்ணு சொன்னாரு. மார்ட்டின் குரலே கேக்கல, பின்னாடி வீடே காலியா இருக்கிற மாதிரி ஒரு சத்தம், அவ மட்டும் நல்லா இருக்கோம் நல்லா இருக்கோம்னு சொல்றாளேன்னாரு. நான்தான், நீங்க சும்மா இருங்கன்னு அடக்கினேன். இன்னிக்குப் புல்லுல நிக்கறப்ப உன் குரல் ஞாபகம் வந்துது. நான் பச்சைப் பசேல்னு சொன்ன அதே குரல்.

நல்லா சாப்பிடு கண்ணே, நேரத்துக்குத் தூங்கு. கடவுள் உன்கூட இருக்கட்டும், நாங்க எப்பவும் இருக்கோம். அடுத்த தடவை போன் பண்றப்ப அப்பா உங்கிட்ட என்ன நிறம்னு கேப்பாரு. இருக்கறதைச் சொல்லு.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா டோரீன்