வௌவால் வீட்டில் பொங்கிய பால்

மச்சானுக்கு,

மீதி ஓட்டு லோடோடு நீங்கள் திரும்பும்போது நான் இருக்க மாட்டேன். வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட ஆசாரியைக் கூட்டிவரச் சிலமலைக்குப் போகிறேன். கொல்லையில் கல்லடுப்பின் மேல் கூழ் இருக்கிறது. குடித்துவிட்டுப் புது வெள்ளைச் சுவரில் சாய்ந்துவிடாதீர்கள்!

நேற்று தெருவில் போனவர்கள் நின்று, "அடி ஆத்தீ, அந்த இடிஞ்ச வௌவா வீடா இது?" என்று வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தூக்கமே வரவில்லை.

மத்தியானம் மதுரை வியாபாரி வீடு பார்க்க வருகிறார். "புது அடுப்புல மொதப் பாலு நாங்கதான் காய்ச்சணும்" என்று அவர் சம்சாரம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நீங்கள் மறுபடியும், "நாமளே குடியிருப்போம்டி" என்று ஆரம்பிக்காதீர்கள். விற்கத்தானே வாங்கினோம்?

முனியாயி

கிளம்பும்போது எழுதுகிறேன்: விளக்குமாறு எடுக்க அடுப்படிக்குள் போனேன். புது அடுப்பில் பால் பொங்கி வழிந்த கறை! உங்கள் வேலைதானே? பக்கத்திலேயே எனக்கும் ஒரு தம்ளர் மூடி வைத்திருக்கிறீர்கள். திட்டத்தான் வாயைத் திறந்தேன். பாலைக் குடித்துவிட்டேன். இனி எப்படி விற்பது?

வியாபாரியை ரயிலடிப் பக்கம் கூட்டிப்போய், அங்கே விலைக்கு வந்திருக்கும் இடிந்த வீட்டைக் காட்டுங்கள். தை பிறப்பதற்குள் இதேபோல ஆக்கித் தருகிறோம் என்று சொல்லுங்கள்.

அங்கே மட்டும் நீங்கள் அடுப்படிப் பக்கம் தலைகாட்டக் கூடாது.